எரியாமல் போன விறகு

அமாவாசை இரவுக்கு மறுநாள் மேல்மலையனூருக்குப் போகிறவர்கள் அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், யாரோ பொங்கல் வைத்துவிட்டுப் போன மூன்று செங்கற்களைக் கண்டால் சற்றுக் குனிந்து பார்க்கலாம். ஒரே கல்லில் இரண்டு நிறம் இருக்கும். தீயின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் செக்கச்செவேலென்று சுத்தமாக இருக்கும். பானை உட்கார்ந்திருந்த மேல்விளிம்பும் புகை வழிந்து வெளியேறிய ஓரமும் கன்னங்கரேலென்று கறுத்திருக்கும். நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த முகம்தானே அதிகம் கறுத்திருக்க வேண்டும்? நடந்திருப்பது நேர்மாறு.

விறகடுப்பை எப்படித் துப்புரவாக வைத்திருப்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தக் கல்லிலேயே இருக்கிறது. வாணலி வைக்கும் மண்ணடுப்பு, ரொட்டி சுடும் பேக்கரி அடுப்பு, குளிர்நாட்டு வீடுகளில் ஓவன் சேர்த்து வார்க்கப்பட்ட இரும்படுப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

விறகு எரிகிறது என்கிறோம். கொழுந்துவிட்டு எரிவது கட்டையிலிருந்து கிளம்பும் ஆவிதான். கட்டை சூடேறும்போது முதலில் அதற்குள் இருக்கும் ஈரம் வெளியேறுகிறது. சூடு 200 டிகிரியைத் தாண்டியதும் மரத்தின் நாரும் அதை இறுக்கியிருக்கும் பொருள்களும் சிதைந்து வாயுக்களாகப் பிரியத் தொடங்குகின்றன. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படி வாயுவாகக் கிளம்பிவிடும். மிஞ்சுகிற ஒரு பங்குதான் கரி. அது கொழுந்தில்லாமல் கங்காகக் கனன்று எரியும். கடைசியில் நூற்றுக்கு ஒன்று, சில மரங்களில் இரண்டு, சாம்பலாகத் தங்கும்.

கிளம்பிய வாயு முழுதாக எரிய மூன்று தேவைகள் உண்டு: போதிய சூடு, போதிய காற்று, இரண்டும் கலந்து வேலை செய்யக் கொஞ்சம் நேரம். ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாக எரிய சுமார் 5,000 லிட்டர் காற்று வேண்டும். மொட்டைமாடியில் வைக்கிற 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஐந்தை நிரப்பும் அளவு அது. அத்தனை காற்றும் அடுப்பின் சின்ன வாய் வழியாக நுழைந்து, விறகின் இடுக்குகளைக் கடந்து, பானையின் விளிம்பைச் சுற்றி வெளியேற வேண்டும். வழியில் எங்காவது அடைப்பு இருந்தால் வாயுவின் ஒரு பகுதி எரியாமலே தப்பித்துவிடும். அப்படித் தப்பியதைத்தான் புகை என்கிறோம். கண்ணைக் கரிக்கும் புகை ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்கி, அல்லது முள்காட்டில் அலைந்து வெட்டி, தலையில் சுமந்து கொண்டுவந்த விறகின் ஒரு பங்கு. அது சோற்றுக்கு உதவாமல் போய்விட்டது.

கொழுந்தின் மஞ்சள் நிறமே புகைக்கரியின் ஒளிதான். தீக்குள் காற்று எட்டாத இடத்தில் வாயுவிலிருந்து கரித்துகள்கள் உருவாகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பல்லாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு சின்ன உருண்டைகள். அவை சங்கிலி சங்கிலியாக ஒட்டிக்கொண்டு, சூட்டில் பழுத்து, மஞ்சளாக ஒளிர்கின்றன. மைக்கேல் ஃபாரடே 1860-இன் இறுதியில் லண்டனில் சிறுவர்களுக்காக நிகழ்த்திய மெழுகுவத்திச் சொற்பொழிவுகளில் இதை எளிமையாகக் காட்டினார். சுடரின் நுனிக்குப் போகும்போது இந்தத் துகள்களுக்குக் காற்று கிடைத்து அவையும் எரிந்துவிட வேண்டும். அந்தப் பாதையில் குளிர்ந்த பொருள் ஒன்று குறுக்கிட்டால் துகள்கள் எரியாமல் அதன்மேல் படிந்துவிடுகின்றன.

பானைதான் அந்தக் குளிர்ந்த பொருள். கொழுந்து 800 டிகிரியில் வந்து மோதினாலும், உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பானையின் அடி ஏறக்குறைய தண்ணீரின் கொதிநிலையிலேயே நிற்கும். தீயின் கணக்கில் 100 டிகிரி என்பது குளிர்ச்சி. அதனால் பானை கறுக்கிறது. செங்கல்லின் உள்முகமோ தடையில்லாமல் பல நூறு டிகிரிக்குச் சூடேறுகிறது. அங்கே படிந்த கரி, காற்று கிடைத்ததும் தானே எரிந்து மறைகிறது. தீயின் நடுவைப் பார்த்த முகம் சுத்தமாக இருப்பதன் காரணம் இதுதான்.

பேக்கரிக்காரர்கள் இதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பழைய பேக்கரிகளிலும், யாழ்ப்பாணத்தில் பாண் போறணை எனப்படும் ரொட்டி அடுப்புகளிலும், செங்கல்லால் குவிமாடமாகக் கட்டிய அறைக்குள்ளேயே விறகை எரிப்பார்கள். தீ மூட்டியதும் மாடத்தின் உட்கூரை முழுவதும் கறுத்துவிடும். தீ நின்று எரிய எரிய, கூரை 350 டிகிரியைத் தாண்டும் கட்டத்தில், அந்தக் கறுப்பு திட்டுத்திட்டாகக் கரைந்து செங்கல் நிறம் வெளியே வரும். கூரை வெளுத்துவிட்டால் அடுப்பு சூட்டைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கங்குகளை வெளியே வாரிவிட்டு, நீளக் கழியில் கட்டிய ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, மாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். தீயே இல்லாத அறையில், சுவருக்குள் சேமித்து வைத்த சூட்டிலேயே ரொட்டி வேகிறது. இந்த அடுப்பின் கூரையை யாரும் சுரண்ட வேண்டியதில்லை. நெருப்பே அதைத் துடைத்துவிடுகிறது. தளத்துச் சாம்பலை மட்டும் மனிதர் பார்த்துக்கொண்டால் போதும்.

ஓவன் சேர்ந்த இரும்படுப்பில் அந்த வசதி கிடையாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய இந்த அடுப்பில் தீயறையும் ஓவனும் பக்கத்துப் பக்கத்து அறைகள். தீயறையிலிருந்து வரும் சுடுவாயு ஓவனின் தலைமேல் ஓடி, மறுபக்கமாக இறங்கி, அடியில் தவழ்ந்து, பிறகுதான் புகைக்குழாயில் ஏறும். போகும் வழியெல்லாம் அது சூட்டைக் கொடுத்துக்கொண்டே போகிறது. சூட்டை இழக்க இழக்க வேகமும் குறைகிறது. வேகம் குறைந்த இடத்தில் சாம்பல் உதிர்கிறது, குளிர்ந்த இடத்தில் கரி படிகிறது. ஓவனின் தலையில் சாம்பல் ஒரு விரற்கடை சேர்ந்துவிட்டால், மேலிருந்து சூடு இறங்காது. அடித்தளத்தில் கரி சேர்ந்துவிட்டால் ரொட்டியின் மேல்புறம் கருகும்போதும் அடிப்புறம் மாவாகவே இருக்கும். அடுப்புக்கு வயதாகிவிட்டது என்று பலர் நினைக்கும் கோளாறு பெரும்பாலும் இதுதான். அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். நீளக் கைப்பிடி வைத்த மெல்லிய சுரண்டியை விட்டு அந்தக் கரியை வெளியே இழுத்துவிட்டால் ஓவன் பழையபடி வேலை செய்யும்.

புகைக்குழாய்க்குள் நடப்பது இன்னும் கவனிக்க வேண்டியது. வாயு 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அதிலிருக்கும் தார் ஆவி குழாயின் சுவரில் பிசினாகப் படியும். ஈர விறகை மூச்சுமுட்ட எரித்தால் இது வேகமாகச் சேரும். எப்போதாவது பெருந்தீ மூட்டும்போது அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். குழாய்க்குள் பிடிக்கும் தீ 1,000 டிகிரியைத் தாண்டக்கூடியது. செங்கல்லைப் பிளந்து கூரையில் பற்றவும் அதனால் முடியும். குளிர்நாடுகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைக்குழாயைத் துடைத்தாக வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். அந்த வேலைக்கு ஒரு காலத்தில் சின்னஞ்சிறு பையன்களைக் குழாய்க்குள் ஏறவிட்டார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதை லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இல் எழுதிவைத்தார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பதிவான முதல் இடங்களில் ஒன்று அது. இங்கிலாந்தில் அந்தக் கொடுமை உண்மையில் நின்றது 1875-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். தாருக்குள் இருந்த நச்சுகளில் ஒன்றான பென்சோபைரீன் 1933-இல் பிரித்தெடுக்கப்பட்டது. புகைக்கரியைக் கையால் அள்ளுவதும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி மூச்சில் இழுப்பதும் இன்றைக்கும் ஆபத்துதான். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு அள்ள வேண்டும்.

நம்மூர் மண்ணடுப்பிலும் ஓவனுக்கு ஓர் உறவு இருக்கிறது: கொடியடுப்பு. பெரிய அடுப்பில் எரியும் தீ ஒரு சின்னச் சுரங்கத்தின் வழியே பக்கத்து அடுப்புக்குப் போகும். அங்கே விறகு வைப்பதில்லை. வீணாகப் போகிற சூட்டில் பால் காயும், வெந்நீர் சூடாகும், வைத்த குழம்பு ஆறாமல் இருக்கும். போகிற வழியில் வாயுவை இன்னொரு வேலை வாங்கும் அதே உத்தி. அதனால் நோயும் அதேதான். அந்தச் சுரங்கத்தில் சாம்பலும் கரியும் அடைத்துக்கொண்டால் கொடியடுப்பு செத்துவிடும், பெரிய அடுப்பும் புகையைத் திருப்பி முகத்தில் ஊதும். தேய்ந்த கட்டைத் துடைப்பத்தை விட்டு அந்தத் துவாரத்தைக் குடைந்து எடுப்பது காலை வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதைச் செய்தவர்கள் தாங்கள் செய்வது காற்றோட்டப் பொறியியல் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அதுதான் அது. அடுப்பை வாரி மெழுகுவது முடிந்துபோன சமையலின் அழுக்கை நீக்கும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது அடுத்த தீயை வடிவமைக்கிற வேலையாகவே தெரிகிறது.

சாம்பல் வாருவதிலும் ஒரு நுட்பம் உண்டு. முழுவதும் துடைத்து எடுத்துவிடக் கூடாது. விறகுத் தீ மெல்லிய சாம்பல் படுகையின்மேல் நன்றாக எரியும். சாம்பல் சூட்டைத் தரைக்கு விடாமல் பிடித்துவைக்கும், கங்குகளைச் சூடாக அணைத்துக்கொள்ளும். அதே சாம்பல் அடுப்பு வாயின் பாதியை நிரப்பிவிட்டால் காற்றின் வழியை மறித்துவிடும். ஒரு விரற்கடை விட்டு மீதியை வாருவதுதான் கணக்கு. வாரும்போது சாம்பலின் நிறத்தையும் பார்க்க வேண்டும். வெண்மையாக, பொடியாக இருந்தால் தீ தன் வேலையை முடித்திருக்கிறது. கறுப்புத் துண்டுகள் கலந்து கிடந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது தீயைப் பாதியில் அணைத்திருக்கிறோம். அந்தக் கரித்துண்டுகளைப் பொறுக்கி மறுபடியும் அடுப்பிலேயே போடலாம். கரி எடைக்கு எடை விறகைவிடச் சூடு அதிகம் தரும்.

சாம்பலுக்கு இன்னொரு முகம் உண்டு. கங்குக்கு அது போர்வை. காற்றை முழுதாக மறைக்காமல் மெதுவாக விடுவதால், சாம்பலுக்குள் புதைந்த கங்கு ஒரு நாளுக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். தீப்பெட்டி இல்லாத காலத்தில் இரவு கங்கை மூடிவைத்துக் காலையில் ஊதாங்குழலால் எழுப்பியது இந்தப் பண்பை நம்பித்தான். ஆறிவிட்டது என்று நினைத்து குப்பைமேட்டிலோ வைக்கோல்போர் அருகிலோ கொட்டிய சாம்பல் குடிசையை எரித்ததும் இதே பண்பால்தான். வாரிய சாம்பலைத் தகரப் பாத்திரத்தில் போட்டு, வெட்டவெளியில் வைத்து, சில நாள் கழித்துக் கொட்டுவதே பாதுகாப்பு. கங்கைச் சட்டியில் அள்ளி மூடிய அறைக்குள் குளிருக்காக வைத்துக்கொள்வது அதைவிட மோசமான ஆபத்து. கனன்றெரியும் கரி வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மலைவாசத்தலங்களில் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

ஆறிய சாம்பல் வீணாகாது. மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. நைட்ரஜன் மட்டும் புகையோடு போய்விடும். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் தண்ணீரில் கரைந்ததும் காரமாகிறது. அது எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரமாக மாற்றிக் கழுவிவிடும். கரையாத நுண்பொடி தேய்க்க உதவும். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் துலக்கியபோது நடந்தவை இந்த இரண்டும்தான். பயறு வகைகளில் சாம்பல் கலந்து வைப்பதும் காரணத்தோடு செய்ததே. நுண்பொடி வண்டின் மேல்தோலிலுள்ள மெழுகைச் சிராய்த்து அதன் உடல் நீரை வற்றச் செய்யும், தானியங்களின் இடுக்கை அடைத்து அது நடமாட வழியில்லாமலும் செய்யும்.

பானையின் அடிக்கரியைப் பற்றி ஒரு சொல். சமைக்கும் முன் பானையின் வெளிப்புறத்தில் மண்ணையோ சாம்பலையோ குழைத்துப் பூசினால் கரி அதன்மேல் படிந்து, தண்ணீர் பட்டதும் பூச்சோடு கழன்றுவிடும். கரியை எவ்வளவு தேய்ப்பது என்பதற்கும் அளவு உண்டு. ஒட்டிப்பிடித்த மெல்லிய கறுப்பு கெடுதல் இல்லை. பளபளக்கும் உலோகத்தைவிடக் கறுத்த உலோகம் கங்கின் வெப்பக்கதிரை நன்றாக உள்வாங்கும். தொட்டால் உதிரும் தடித்த கரிதான் எதிரி. அதன் துகள்களுக்கு நடுவே காற்று சிறைப்பட்டிருப்பதால் சூடு பானைக்குப் போகாமல் தடுக்கிறது. அதை மட்டும் எடுத்தால் போதும்.

இனி மண். மேல்மலையனூர் அம்மன் புற்றாக எழுந்தருளியிருப்பதாக ஐதீகம், புற்றுமண்ணே அங்கே பிரசாதம். வழிபாட்டில் அந்த மண்ணுக்கு உள்ள இடம் ஒருபுறம் இருக்க, வயல்வரப்பில் கிடக்கும் சாதாரணக் கரையான் புற்றின் மண் அடுப்புப் போட மிக ஏற்றது என்பது கிராமத்து அனுபவம். கரையான் அடிமண்ணிலிருந்து நுண்ணிய களிமண்ணைத் தேர்ந்து மேலே கொண்டுவந்து தன் எச்சிலால் ஒட்டிக் கட்டுகிறது. சுற்றியுள்ள நிலத்தைவிடப் புற்றில் களிமண் அதிகம், பருமணல் குறைவு. செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்தில் இது முக்கியம். இங்குள்ள குன்றுகள் கிரானைட். அவை சிதைந்து உண்டான நிலத்தில் குவார்ட்ஸ் மணல் ஏராளம். குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று பருக்கும், ஆறும்போது சட்டென்று சுருங்கும். அடுப்பின் உட்சுவர் அந்தச் சூட்டை நாள்தோறும் தொட்டுத் திரும்பினால், பருமணல் நிறைந்த மண் உள்ளிருந்தே வெடிக்கும்.

நல்ல மண்ணும் வெடிக்கத்தான் செய்கிறது. காரணம், ஓரடுப்பில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. 500 டிகிரியைச் சுற்றிய சூட்டில் களிமண் தன் படிகத்தோடு பிணைந்திருந்த நீரையும் இழந்துவிடும். பிறகு அது தண்ணீரில் கரையாது. அடுப்பின் உள்முகம் இப்படிச் செங்கல்லாகிவிடுகிறது, வெளிமுகம் மண்ணாகவே நிற்கிறது. இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. நடுவில் விரிசல் விழுகிறது. விரிசல் அழகுக் குறை மட்டும் என்றால் விட்டுவிடலாம். அதன் வழியாகப் புகை கசியும். குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து தீயின் சூட்டைக் குறைக்கும். சூடு குறைந்தால் புகை கூடும் என்பதை முன்பே பார்த்தோம்.

அதனால்தான் மெழுகுவது வேண்டியிருக்கிறது. சாணத்தில் மாடு செரிக்காத நார் இருக்கிறது. மண் காய்ந்து சுருங்கும்போது அந்த நார்கள் விரிசலின் இரு கரையையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தீக்கு அருகில் பூசினால் நார் எரிந்து நுண்துளைகளாகும். காற்று நிறைந்த அந்தத் துளைகள் சூடு சுவருக்குள் ஓடாமல் தடுக்கும். விரிசலை அடைக்கும்போது முதலில் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டும். சுட்ட மண் வறண்டிருந்தால் புதுப்பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு சுருங்கிப் பொருக்காக விழும். அவசரத்துக்குச் சிமென்ட் பூசுகிறவர்கள் உண்டு. சிமென்டை இறுக்கிவைத்திருப்பதே அதற்குள் பிணைந்த நீர்தான். அடுப்பின் சூட்டில் அந்த நீர் வெளியேறியதும் அது பொடிந்துபோகும். அடுப்பு எந்த மண்ணோ அந்த மண்ணாலேயே பூசுவதுதான் நிலைக்கும். பூசி, நிழலில் காயவிட்டு, முதல் தீயைச் சின்னதாக மூட்ட வேண்டும்.

விறகைப் பற்றியும் சொல்ல வேண்டும், அடுப்பு அழுக்காவதில் பாதி அதன் கையில் இருக்கிறது. சவுக்கோ வேலிக்காத்தானோ, புதிதாக வெட்டிய கட்டையில் பாதி எடை தண்ணீராக இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்கவே விறகின் சூட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதைவிடப் பெரிய கேடு, ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும்வரை தீ போதிய சூட்டை எட்டாததால் வாயு எரியாமல் புகையாகிவிடுவது. இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகும் நனைந்து அடுப்பும் ஈரமாகும். ஆண்டிலேயே அதிகக் கரி சேரும் மாதங்கள் அவை, அதிகம் துடைக்க வேண்டியவையும் அவையே.

புகைபோக்கி வைத்த அடுப்பு நம் நாட்டில் புதிதல்ல. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் எஸ்.பி. ராஜு வடிவமைத்த மண்ணடுப்பைப் பற்றி, கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை என்று பொருள்படும் தலைப்பில் 1953-இல் சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் ஒரு நூலை வெளியிட்டது. 1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ‘அஸ்த்ரா ஒலெ’ என்ற அடுப்பு வந்தது. 1983-இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி, 2002-இல் அது முடிவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் மிகப் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன.

ஏன் என்பதற்கு ஒடிசாவில் செய்த ஆய்வு தெளிவான பதிலைத் தருகிறது. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமா ஹன்னா மூவரும் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்தார்கள். புகைபோக்கி வைத்த மண்ணடுப்பு வந்த வீடுகளில் சமைக்கும் பெண்கள் இழுக்கும் புகை முதல் ஆண்டில் குறைந்தது. பிறகு அந்தக் குறைவு மறைந்துவிட்டது. அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தவும் இல்லை, பழுதுபார்க்கவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நன்றாக எரிந்த அதே அடுப்புதான். குழாயைத் துடைக்கவும் விரிசலைப் பூசவும் ஆகும் நேரத்தையும் உழைப்பையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஏற்கெனவே தண்ணீர் தூக்கி, விறகு பொறுக்கி, கூலிக்கும் போய்வரும் பெண்ணின் தலையில் இன்னொரு வேலை சத்தமில்லாமல் ஏற்றப்பட்டது. பழுது அந்தப் பெண்களிடம் இல்லை, திட்டத்தில் இருந்தது என்பதே என் எண்ணம்.

புகைபோக்கி துடைக்காமல் விட்டால் எவ்வளவு சீக்கிரம் தோற்கும் என்பதைச் சிறு கணக்கில் காணலாம். 3 மீட்டர் உயரக் குழாய்க்குள் வாயு 150 டிகிரி, வெளியே 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சூடான வாயு லேசாக இருப்பதால் உண்டாகும் இழுவிசை சுமார் 10 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தேங்கிய தண்ணீர் தன் அடியில் தரும் அழுத்தம் அவ்வளவுதான். பனி உறையும் ஊரில் அதே குழாய் 13 பாஸ்கலுக்கு மேல் இழுக்கும். நம் சித்திரை வெயிலில் 9-க்கும் கீழே இறங்கிவிடும். குளிர்நாட்டுப் புகைபோக்கிக்கு இயற்கை கொடுக்கும் உதவி நமக்குக் கிடைப்பதில்லை. இதில் 10 சென்டிமீட்டர் குழாயின் உட்சுவரில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கரி படிந்தால் வழியின் பரப்பு நூற்றுக்கு 64 ஆகச் சுருங்கிவிடும். இத்தனை மெல்லிய இழுப்பு அந்த அடைப்பைத் தாங்காது. புகை அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வரும்.

எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் விறகடுப்பு, எரிவாயு அடுப்புக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதற்கான சான்று இந்த மண்ணிலேயே திரட்டப்பட்டது. 2018-இல் தொடங்கி இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ‘ஹாப்பின்’ என்ற பெரும் ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்த இடங்கள் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியும் நாகப்பட்டினமும். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு இங்கே பொறுப்பேற்றது. விறகையே தொடர்ந்தவர்கள் சுவாசித்த பி.எம். 2.5 நுண்துகள் கனமீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம், இலவச எரிவாயு பெற்றவர்களுக்கு 23.9 என்று இடைநிலை அளவு வந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு வைத்திருக்கும் வரம்பு 15. இவ்வளவு குறைந்தும், 2022-இல் வெளியான முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கர்ப்பத்தின் நடுவில் புகையைக் குறைப்பது தாமதமா, இன்னும் குறைய வேண்டுமா என்ற கேள்விகளை அது திறந்துவிட்டது. புகை நல்லது என்று யாரும் அதிலிருந்து முடிவுக்கு வரவில்லை.

2007-இல் மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2016-இல் உஜ்வலா திட்டமும் வந்த பிறகு சமையலறைக்குள் விறகு குறைந்திருக்கிறது. அது பெரிய விடுதலை. என்றாலும் கொல்லையில் வெந்நீர் காய்வதும், நெல் அவிப்பதும், கோயிலில் பொங்கல் பொங்குவதும், கல்யாணத்துக்குப் பெரிய அண்டாவில் சோறு வடிப்பதும், பேக்கரியில் ரொட்டி வேகுவதும் விறகில்தான் பல இடங்களில் நடக்கின்றன. விறகு எரியும்வரை அதை முழுதாக எரிப்பது நம் கடமை.

குழாயும் கொடியடுப்பும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க ஒரு தாள் போதும். விறகு வைப்பதற்கு முன் தாளைப் பற்றவைத்து அடுப்பு வாயில் பிடித்தால், சுடர் உள்நோக்கிச் சாய வேண்டும். இரவெல்லாம் ஆறிக்கிடந்த குழாயில் முதலில் தயங்கும். இரண்டாவது தாளை உள்ளே தள்ளி எரித்தால் குழாய்க்காற்று சூடேறி இழுப்புத் தொடங்கும். அப்படியும் சுடர் நம்மை நோக்கியே சாய்ந்தால் வழியில் எங்கோ அடைத்திருக்கிறது. முதலில் அடுப்பு வாயின் சாம்பல், அடுத்து கொடியடுப்பின் சுரங்கம், பிறகு குழாய் திரும்பும் மூலை என்ற வரிசையில் தேட வேண்டும். பல நாள் மூட்டாத அடுப்பென்றால் குழாயின் மேல்வாயில் குளவி கூடு கட்டியிருக்கக்கூடும், அதையும் பார்த்த பிறகே விறகை அடுக்கலாம்.